பழைய லப்டொப்பில் வடிவான திரை: கண்ணாடி விளைவுகள், நிரல் எழுத்துரு, நடுவில் தமிழ்

மல்லாவிப்பெடியன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுத்து முடித்துவிட்டு, இப்போது பைத்தனைத் தொடர்ந்து படிக்கிறேன். கொழும்பில் இருக்கும் மாமா தான் பாவித்த லப்டொப்பைத் தந்தார். மூன்றாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம். தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லை, இன்டெல் எச்டி 4000 மட்டும்தான். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. வின்டோஸ் 11 இவ்வளவு பழைய புரொசெசரை ஏற்காது. அதனால் குபுன்டு 24.04 என்ற லினக்ஸ் போட்டேன்.

போட்ட அன்றே திரையை வடிவாக்கத் தொடங்கிவிட்டேன். கட்டளை அடிக்கும் டெர்மினல் சாளரம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், பின்னால் நான் எடுத்த இரணைமடுக் குளத்துப் படம் மங்கலாகத் தெரிய வேண்டும். சாளரத்தைப் பிடித்து இழுத்தால் துணி மாதிரி நெளிய வேண்டும். காணொளிகளில் பார்த்த, பணித்திரைகள் முகங்களாகச் சுழலும் கனசதுரமும் வேண்டும். முதல் இரண்டும் வந்துவிட்டன, கனசதுரத்தை எங்கே தேடியும் காணவில்லை. ஆனால் மத்தியானத்தில் விசிறி இரைகிறது, சாளரம் விட்டுவிட்டு நகர்கிறது, கரண்ட் போனால் பற்றரி ஒரு மணித்தியாலம்கூட நிற்பதில்லை.

இரண்டாவது பிரச்சினை எழுத்துரு. நிரல் எழுதும் விஎஸ் கோட்டில் ஃபிரா கோட் என்ற எழுத்துருவைப் போட்டேன். ஆங்கிலம் நல்ல வடிவு. நான் நிரலுக்குள் குறிப்புகளைத் தமிழில் எழுதுகிறவன். அந்த வரிகள் மட்டும் மெல்லியதாக, வேறு எங்கோ வெட்டி ஒட்டியது போலத் தெரிகின்றன. ‘மு’, ‘கூ’ எழுத்துகளின் அடிப்பகுதி அடுத்த வரியில் முட்டுகிறது. டெர்மினலில் இன்னும் மோசம்.

விளைவுகள் எல்லாவற்றையும் நிற்பாட்டச் சொல்ல வேண்டாம். நாளில் பத்து மணித்தியாலம் இந்தத் திரைக்கு முன்னால்தான் இருக்கிறேன். அது எனக்குப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும்.


பரந்தன்சந்தி எழுதியது:

தம்பி, கிளிநொச்சியில் கடை வைத்து லப்டொப் திருத்துகிறேன். கனசதுரத்தை முதலில் முடித்துவிடுவோம். 2006இல் நொவெல் நிறுவனம் வெளியிட்ட கொம்பிஸ் என்ற திரை விளைவு மென்பொருளில்தான் நெளியும் சாளரமும் கனசதுரமும் பிரபலமாயின. அதிலிருந்து பெரில் பிரிந்து போய், 2007இல் இரண்டும் கொம்பிஸ் ஃபியூஷன் என்று திரும்பச் சேர்ந்தன. அந்த நாளில் வவுனியாவில் ஒரு நண்பனின் கணினியில் முதன்முதலாகப் பார்த்தபோது நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. குபுன்டுவின் திரைச்சூழலான பிளாஸ்மா, கனசதுரத்தை இடையில் எடுத்துவிட்டு, 2024 பெப்ரவரியில் வந்த 6.0இல்தான் திரும்பத் தந்தது. உம்முடைய குபுன்டுவில் இருப்பது 5.27. ஆகவே தேடி மினக்கெட வேண்டாம்.

இனி, விட்டுவிட்டு நகர்வது. இதற்கு மூன்று காரணம் இருக்கலாம், மூன்றும் வேறு வேறு. எல்லாரும் கிராபிக்ஸைத்தான் முதலில் குற்றம் சொல்வார்கள். நான் ராமைப் பார்ப்பேன். 4 ஜிபியில் பிளாஸ்மா, விஎஸ் கோட், பிரவுசரில் பத்துத் தாள் என்று திறந்தால் ராம் நிரம்பி வன்தட்டுக்குப் போய்வரத் தொடங்கும். அப்போது எந்த விளைவும் இல்லாவிட்டாலும் திரை இழுக்கும்.

இன்னொன்று. எச்டி 4000க்குத் தனி நினைவகம் இல்லை, உம்முடைய ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ராம் ஒரே துண்டாக ஒரு தடத்தில் (தரவு போய்வரும் பாதையில்) இருந்தால் கிராபிக்ஸும் அந்த ஒற்றைத் தடத்தில்தான் ஓட வேண்டும். அடி மூடியைக் கழற்றிப் பாரும். இரண்டாவது இடம் காலியாக இருந்தால் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 போடும். நினைவகமும் கூடும், தடமும் இரண்டாகும். பழைய ராம் துண்டு மலிவாகவே கிடைக்கும்.

மூன்றாவது புழுதி. ஏ9 வீதியோரக் கடைகளிலிருந்து எனக்கு வரும் லப்டொப்புகளின் விசிறிக்குள் செம்மண் கட்டியாகவே இருக்கும். சூடு ஏறினால் புரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மத்தியானத்தில் மட்டும் இழுக்கிறது என்று நீர் எழுதியதைப் பார்த்தால், தகரக் கூரை அறை என்று நினைக்கிறேன். சரியா?


மல்லாவிப்பெடியன் எழுதியது:

தகரம்தான் அண்ணை. இன்று மூடியைக் கழற்றினேன். ராம் ஒரே துண்டு, பக்கத்து இடம் காலி. விசிறியின் வெளிவாயில் துணி மாதிரி ஒரு படை. தூரிகையால் எடுத்தேன், இரைச்சல் பாதியாகக் குறைந்துவிட்டது.

மங்கல் விளைவு உண்மையில் எவ்வளவு பாரம்? அதை விட மனமில்லை.


பரந்தன்சந்தி எழுதியது:

விட வேண்டியதில்லை. அது எப்போது பாரம், எப்போது பாரமில்லை என்று தெரிந்தால் போதும்.

சும்மா ஒளிபுகும் சாளரம் என்றால் இரண்டு படத்தை ஒன்றன் மேல் ஒன்று கலப்பதுதான் வேலை. மங்கலாக்குவதென்றால், பின்னால் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் அதைச் சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியை எடுக்க வேண்டும். நேரடியாகச் செய்தால் எச்டி 4000 தாங்காது. பிளாஸ்மா செய்வது இரட்டைக் கவாசே என்ற முறை. மசாகி கவாசே என்ற யப்பானிய விளையாட்டு நிரலாளர் கண்டுபிடித்த வழியிலிருந்து வளர்ந்தது. படத்தைப் பாதி, பிறகு அதன் பாதி என்று சிறிதாக்கிக்கொண்டு போய், திரும்பப் பெரிதாக்கி எடுப்பார்கள். சிறிய படத்தில் வேலை குறைவு, பெரிதாக்கும்போது மங்கல் தானாகவே விரிந்துவிடும்.

முக்கியமான விஷயம் இதுதான்: திரையில் ஏதாவது மாறும்போதுதான் அந்த இடத்தைத் திரும்ப வரைய வேண்டும். பின்னால் அசையாத குளத்துப் படம் இருந்தால், நீர் டெர்மினலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் நேரத்தில் செலவு அநேகமாக இல்லை. பின்னால் ஒரு காணொளி ஓடினால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் (திரையில் மாறிவரும் ஒவ்வொரு படத்துக்கும்) மங்கலைத் திரும்பக் கணக்கிட வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன். அது தவறினால்தான் விட்டுவிட்டு நகர்வதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே கண்ணாடி டெர்மினலுக்குப் பின்னால் காணொளி வைக்காதேயும், அசையும் பின்னணிப் படமும் வேண்டாம். மங்கலின் அளவைக் காட்டும் கோலை நடுவுக்குக் கீழே வையும்.

கரண்ட் போனால் ஓல்ற், ஷிப்ற், எஃப்12 மூன்றையும் சேர்த்து அமத்தும். எல்லா விளைவும் ஒரேயடியாக நிற்கும். கரண்ட் வந்ததும் திரும்ப அமத்தினால் வந்துவிடும். குபுன்டு 24.04 சாதாரணமாகத் திறப்பது எக்ஸ்11 என்ற பழைய திரை முறையின் அமர்வு, அதில்தான் இது வேலை செய்யும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் இந்த மூன்று விசையும் என் விரலில் ஏறிவிட்டன.


கனகராயன்குளம் எழுதியது:

எனக்கு வேறு கருத்து. 4 ஜிபி இயந்திரத்துக்கு, பிளாஸ்மாவுக்குப் பதிலாக எக்ஸ்எஃப்சிஇ என்ற பாரம் குறைந்த திரைச்சூழல் போதும். அதன் சாளர மேலாளரிலேயே நிழலும் ஒளிபுகுதலும் இருக்கின்றன. மங்கல்தான் வேண்டும் என்றால் பிக்கொம் என்ற விளைவு மென்பொருளைப் போடலாம். கொம்டன் என்ற பழைய மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, அதுவும் இரட்டைக் கவாசே முறையில் செய்யும். மிச்சமாகும் ராமை நிரலுக்குக் கொடுக்கலாம். படிக்கிற காலத்தில் திரையை மினுக்குவதில் நாட்கள் போய்விடும் என்பது என் கவலை.


ஒட்டுசுட்டான்ரீச்சர் எழுதியது:

கனகராயன்குளம் அவர்களின் கவலை நியாயமானது. ஆனாலும் நான் பெடியனின் பக்கம். கணினிப் பாடம் படிப்பிக்கிறேன். தன் திரையைத் தானே மாற்றிப் பார்த்த பிள்ளை, ஒரு கோப்பு எங்கே இருக்கிறது, எந்த அமைப்பை மாற்றினால் எது உடையும், உடைந்தால் எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதை யாரும் சொல்லாமலே படித்துவிடுகிறது. பாடப் புத்தகத்தை வைத்து அதைப் படிப்பிக்க எனக்கு ஒரு தவணை வேண்டும்.

விளைவுகள் அழகுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் வகுப்பறையில் புரொஜெக்டர் வெளிச்சம் போதாது, யன்னலுக்குத் திரைச்சீலை இல்லை. பிளாஸ்மாவின் பெரிதாக்கும் விளைவை வைத்து ஒரு வரியைத் திரை நிறையக் காட்டுவேன். சுட்டி எங்கே என்று காட்டும் விளைவு இல்லாமல் என்னால் பாடம் எடுக்கவே முடியாது. பாவிக்காத சாளரத்தை இருட்டாக்கும் விளைவைப் போட்டால், நான் இப்போது எந்தச் சாளரத்தில் எழுதுகிறேன் என்று கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் விளங்கும். இவை மூன்றும் பழைய கணினியில் நன்றாகவே ஓடுகின்றன.

தம்பி, உங்கள் கண்ணாடி டெர்மினலில் ஒன்றைக் கவனியுங்கள். பின்னால் குளத்து நீர் பளிச்சென்று இருக்கும் இடத்தில் வெள்ளை எழுத்து வந்தால் வாசிக்க முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டியில் இருக்கிறது. ஒளிபுகும் அளவை 10, 15 வீதத்துக்கு மேல் போகாமல் வைத்தால் கண்ணாடி உணர்வும் இருக்கும், எழுத்தும் நிற்கும்.

எழுத்துருவில் எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது. ஃபிரா கோட் ‘!=’ என்று இரண்டு விசையால் அடிப்பதை ஒரே குறியாக, கோடு வெட்டிய சமக்குறியாகக் காட்டும். அனுபவப்பட்டவர்களுக்கு அது சுகம். நான் அதைப் புரொஜெக்டரில் போட்டுப் படிப்பித்தேன். தவணைப் பரீட்சையில் ஒரு பிள்ளை விடைத்தாளில் ‘≠’ என்றே எழுதியிருந்தாள். கண்டதை எழுதியிருக்கிறாள், பிழை என்னுடையது. அன்றிலிருந்து வகுப்பில் ஒட்டுக் குறிகள் இல்லாத எழுத்துருதான். ஃபிரா மோனோ, கஸ்கேடியா மோனோ இரண்டும் அப்படியானவை. ஜெட்பிரெயின்ஸ் மோனோவிலும் ஒட்டுக் குறி இல்லாத என்எல் பதிப்பு இருக்கிறது. பூச்சியத்துக்கும் பெரிய ஓவுக்கும், ஒன்றுக்கும் சிறிய எல்லுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.


மல்லாவிப்பெடியன் எழுதியது:

ரீச்சர், ‘!=’ விஷயம் எனக்கும் நடந்தது. கீபோட்டில் அந்த விசையைத் தேடினேன். விஎஸ் கோட்டில் ஒட்டுக் குறியை இப்போதைக்கு நிறுத்திவிட்டேன்.

தமிழ் வரிகளுக்கு என்ன செய்வது?


வவுனியாவிலிருந்து எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் கணக்குத் திறந்தேன். வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன், குறிப்புகளைத் தமிழிலும் வைத்துக்கொள்கிறேன். பல வருடமாக இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஃபிரா கோட், ஜெட்பிரெயின்ஸ் மோனோ, கஸ்கேடியா, ஹக், சோர்ஸ் கோட் புரோ எதிலும் தமிழ் எழுத்தே இல்லை. நீங்கள் ‘அ’ என்று அடித்ததும், இந்த எழுத்து யாரிடம் இருக்கிறது என்று கணினி மற்ற எழுத்துருக்களிடம் கேட்டுத் திரியும். லினக்ஸில் அந்தத் தீர்ப்பைச் சொல்வது ஃபொன்ட்கொன்ஃபிக். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது தன் வரிசைப்படி ஒன்றை எடுத்துத் தரும். உங்களுக்கு வந்தது லோஹித் தமிழாக இருக்கலாம். அதற்கு ஒரே தடிப்புத்தான், பக்கத்தில் தடித்த ஆங்கிலம் நின்றால் மெல்லியதாகத் தெரியும்.

ஆகவே நீங்களே சொல்லிவிடுங்கள். விஎஸ் கோட் செற்றிங்ஸில் எழுத்துருக் குடும்பம் என்ற பெட்டியில் ஜெட்பிரெயின்ஸ் மோனோ, காற்புள்ளி, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று வரிசையாக எழுதுங்கள். முதலாவதில் இல்லாத எழுத்து இரண்டாவதிலிருந்து வரும். நோட்டோவில் பல தடிப்புகள் இருக்கின்றன. அதனால் எழுத்துத் தடிப்பை 500 என்று வைத்தால் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே தடிக்கும். நோட்டோ பிடிக்காவிட்டால் முக்தா மலர், ஹிந்த் மதுரை இரண்டையும் பாருங்கள். ஒரு கிழமை ஒன்றைப் பாவித்துவிட்டு மாற்றுங்கள், ஒரு நாளில் தெரியாது.

ஈமாக்ஸ் எடிட்டரைப் பாவிக்கிறவர்களுக்குத் தமிழ் எழுத்துருவின் பருமனைத் தனியாகக் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்கிறது. நான் அங்கேயே தங்கிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

சம அகலம் தமிழுக்குச் சரிவராது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ‘ர’வுக்கும் ‘ணை’க்கும் ஒரே அகலப் பெட்டி கொடுத்தால் ஒன்று இழுபடும், மற்றது நசியும். நிரல் வரியின் வலப்பக்கத்தில் தமிழ்க் குறிப்புகளை நேர்கோட்டில் அடுக்க முயன்றால் ஒருநாளும் நேராகாது. குறிப்பை வரிக்கு மேலே தனி வரியாக எழுதுங்கள். டெர்மினல் கட்டம் கட்டமாக எண்ணுவதால்தான் அங்கே தமிழ் சிதறுகிறது. தமிழ் வரும் வெளியீட்டைக் கோப்பில் எழுதி, கேட் எடிட்டரில் திறந்து பார்ப்பதுதான் என் வழக்கம்.

ரீச்சர் பூச்சியத்தையும் ஓவையும் சொன்னார். தமிழுக்கென்று அதே சோதனை ஒன்று இருக்கிறது, அதை யாரும் செய்வதில்லை. தமிழ் எண் ௧, எழுத்து க. எண் ௨, எழுத்து உ. எண் ௭, எழுத்து எ. எண் ௮, எழுத்து அ. உங்கள் எழுத்துருவில் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடித்துப் பாருங்கள். பைத்தன் தமிழ் எண்ணை எண்ணாகவே ஏற்கும்: ௧௨ என்ற சரத்தை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் 12 தரும். அந்த இடத்தில் ‘க’ இருந்தால் பிழை காட்டும், கண்ணால் பார்த்தால் காரணம் விளங்காது. அதேபோல் ‘ர’வின் சாய்ந்த அடிக்கோடு துணைக்காலிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும்.

இன்னும் ஒன்று, இதை எந்த எழுத்துருவும் காட்டித் தராது. ஊர்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றில் கொக்கிளாய் என்று தேடினேன், இருந்தும் அகப்படவில்லை. ஒரு கோப்பில் ‘கொ’ இரண்டு குறியீடாக இருந்தது: க, பிறகு ஒகரக் குறி. மற்றதில் மூன்று: க, எகரக் கொம்பு, துணைக்கால். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தனின் யூனிகோட் இயல்பாக்கத்தில் இரண்டையும் போட்டு எடுத்தால் ஒன்றாகிவிடும். ஆனால் ‘வௌவால்’ என்பதைக் கொம்பும் ‘ள’கரமும் சேர்த்து ‘வெளவால்’ என்று அடித்தவர்களை இயல்பாக்கமும் காப்பாற்றாது, அது வேறு எழுத்து. ஔகாரக் குறியை ‘ள’வை விடச் சிறிதாக வரையும் எழுத்துருவாக இருந்தால் கண் பிடித்துவிடும்.


புதுக்குடியிருப்புஅச்சகம் எழுதியது:

நிரல் எனக்குத் தெரியாது. கல்யாண அட்டை, கோவில் திருவிழா நோட்டீஸ் அடிக்கிறவன். எழுத்து எங்கள் தொழில் என்றபடியால் ஒரு விஷயம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தம்பி, உங்கள் கீழ்ச்சுழி முட்டுவது எழுத்துருவின் பிழை இல்லை, வரி இடைவெளியின் பிழை. தமிழ் மேலேயும் போகும், கீழேயும் போகும். ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் வளைவு மேலே ஏறும், ‘கு’, ‘மூ’ போன்றவை கீழே இறங்கும். மேல்வரியில் ‘மூ’வும் அதன் நேரே கீழ்வரியில் ‘வீ’யும் வந்தால் இரண்டும் மோதும். அதனால்தான் ஒரே நோட்டீஸில் ஆங்கிலம் 12க்கு விடும் இடைவெளியைத் தமிழ் 12க்கு நாங்கள் விடுவதில்லை, கூட்டித்தான் விடுவோம். உங்கள் மென்பொருளில் அதை மாற்ற இடம் இருக்கும். எழுத்துருவை மாற்ற முன்னர் அதை மாற்றிப் பாருங்கள்.

பாமினியைப் பற்றி ஒரு எச்சரிக்கையும். எங்களுக்கு வரும் பழைய கோப்புகளில் பாதி பாமினிதான், ஆகவே லினக்ஸிலும் அதைப் போட்டு வைத்திருக்கிறேன். ஒருநாள் பொது எழுத்துருவாக அதையே தெரிவு செய்துவிட்டேன். பாமினி ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கும் எழுத்துரு. மெனு, பொத்தான், செற்றிங்ஸ் எல்லாம் வாசிக்கவே முடியாத தமிழாகிவிட்டன. திரும்பப் போகும் வழியும் அதே எழுத்தில். கல்யாண அட்டை ஒன்று பின்னேரம் கொடுக்க வேண்டிய நாள் அது.


வவுனியாவிலிருந்து எழுதியது:

அச்சகம் ஐயா சொன்னதுதான் சரியான விடை. நான் பத்து வரி எழுதியும் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விஎஸ் கோட்டில் வரி உயரம் என்ற அமைப்பு இருக்கிறது. 1.6 அல்லது 1.7 என்று கொடுத்தால் எழுத்துப் பருமனின் அத்தனை மடங்காக எடுத்துக்கொள்ளும்.

பாமினி மாதிரி மாட்டிக்கொண்டால், கொன்ட்ரோல், ஓல்ற், எஃப்3 அமத்தி எழுத்துத் திரைக்குப் போங்கள். அங்கே உங்கள் எழுத்துருத் தெரிவு செல்லாது. உள்ளே போய், வீட்டு அடைவில் மறைந்திருக்கும் கொன்ஃபிக் அடைவில் கேடிஇகுளோபல்ஸ் என்ற கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, வெளியேறித் திரும்ப வந்தால் பழைய எழுத்துரு வந்துவிடும். நிறம், தோற்றம் தொடர்பான சில தெரிவுகளும் சேர்ந்து போகும், அதைத் திரும்பச் செய்ய வேண்டும்.


மல்லாவிப்பெடியன் எழுதியது:

நான்கு நாள் பாவித்துவிட்டு எழுதுகிறேன்.

ஜெட்பிரெயின்ஸ் மோனோ என்எல், இரண்டாவதாக நோட்டோ சான்ஸ் தமிழ், தடிப்பு 500, வரி உயரம் 1.7. என் பழைய நிரல் ஒன்றைத் திறந்து தமிழ்க் குறிப்புகளை மேலிருந்து கீழ் வரை வாசித்தேன். எதுவும் முட்டவில்லை. ஆங்கிலமும் தமிழும் ஒரே பக்கத்தில் அச்சடித்தது போல இருக்கின்றன. 1.7 முதலில் அகலமாகத் தெரிந்தது, இரண்டாம் நாள் பழகிவிட்டது.

டெர்மினல் 12 வீதம் ஒளிபுகும். குளத்துப் படத்தைப் பின்னேர வெளிச்சத்தில் எடுத்த வேறு படமாக மாற்றினேன், ரீச்சர் சொன்ன பளிச்சிடும் இடம் அதில் இல்லை. மங்கல் மூன்றில் ஒரு பங்கு. பாவிக்காத சாளரத்தை இருட்டாக்கும் விளைவையும் போட்டேன், அது நல்ல உதவி. நெளியும் சாளரம் இருக்கிறது, ஆனால் குறைந்த நெளிவில். கனகராயன்குளம் அண்ணா, எக்ஸ்எஃப்சிஇயைத் தங்கச்சியின் 2 ஜிபி கணினியில் போட்டுக் கொடுத்தேன், அதற்கு அதுதான் பொருத்தம்.

௧, க சோதனையில் என் கண்ணுக்கு நோட்டோவில் வித்தியாசம் போதாமல் இருக்கிறது. முக்தா மலரை அடுத்த கிழமை பார்க்கப்போகிறேன்.

ராம்தான் மிச்சம். மத்தியானத்தில் இப்போதும் கொஞ்சம் இழுக்கிறது. பரந்தன்சந்தி அண்ணை, டிடிஆர்3இல் எல்லாத் துண்டும் இதற்குப் பொருந்துமா?


பரந்தன்சந்தி எழுதியது:

எல்லாம் பொருந்தாது. லப்டொப்புக்கான சிறிய துண்டாக இருக்க வேண்டும். இருக்கும் துண்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் 1.5 வோல்ற்றா 1.35 வோல்ற்றா, எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று பார்த்து எழுதிக்கொண்டு வாரும். அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினாலும் சரி. சனிக்கிழமை பின்னேரம் வரை கடை திறந்திருக்கும். லப்டொப்பையும் கொண்டு வாரும், விசிறியைக் கழற்றி, புரொசெசரின் சூட்டைக் கடத்தும் பசையும் மாற்றிவிடுவோம்.